முகம் பார்த்து ஒதுக்கிய வண்டி

தென்காசி
12-2-1967

அத்தானுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க மனமில்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை முதலாளி ஆவுடைநாயகம் டிப்போவில் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு சேதி சொன்னார். "மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்னு ஒரு மெஷின் இருக்கு. எந்த டிரைவர் எந்த வண்டியை எப்ப எடுக்கணும்னு இனிமே அதுதான் சொல்லும். ஜூன் ஒண்ணாந்தேதி சீசனுக்கு ரெடியாயிரும். செஞ்சு தாரது யாருன்னு நெனைக்கிய? நம்ம சுகிர்தத்தோட வீட்டுக்காரரு தங்கசாமிதான்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேய் முழி முழித்தேன்.

கட்டின புருஷன் என்ன வேலை செய்யப் போகிறார் என்பதை முதலாளி வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெண்சாதி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். அதுவும் என்ன வேலை? டிப்போவுக்கு எதிர்வீடு என்பதால் டைப்பிஸ்ட் வேலையோடு தினமும் வண்டி ஒதுக்கும் சீட்டு எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. அது உங்களுக்குத் தெரியும். அந்த வேலையைத்தான் உங்கள் மெஷின் செய்யப் போகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஜூன் ஒன்று என்று தேதி குறித்தது யார்? எங்களிடம் எத்தனை வண்டி இருக்கிறது என்றாவது தேதி குறித்தவருக்குத் தெரியுமா? எருமை வாங்குமுன்னே நெய் விலை பேசின கதையாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் தேதிகளின் லட்சணத்தைக் கலியாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். போன கிறிஸ்துமசுக்குள் மெட்ராஸில் வீடு பார்த்து என்னை அழைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். அதற்கு முந்தின கிறிஸ்துமசுக்கும் அதையேதான் சொன்னீர்கள்.

என் விஷயத்தில் தேதி தப்பினால் நான் காத்திருப்பேன், அவ்வளவுதான். இதில் தப்பினால் ஸ்டீயரிங் பிடிக்கப் போவது வேதமாணிக்கம் அண்ணன். உங்கள் மச்சான். மதுரை வண்டி ஓட்டுகிறவன். அதை மறந்துவிட வேண்டாம்.

சுகிர்தம்


சென்னை
17-2-1967

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தது தப்பாகப் போயிற்று. பக்கத்து மேஜைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் யாருக்கும் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டான்.

உன்னிடம் மறைக்கவில்லை. எனக்கே போன வாரம்தான் தெரியும். எங்கள் மானேஜர் வல்லிநாயகம் சார் பொங்கலுக்குக் குற்றாலம் போனார். உங்கள் முதலாளி பங்களாவில் தங்கினார். இலையில் பாயசம் விழுகிற நேரத்தில் இரண்டு பேருமாகத் தேதியைப் பேசி முடித்துவிட்டார்கள். போன வாரம்தான் என்னைக் கூப்பிட்டு, "நாலு மாசம் தாராளம், என்ன தங்கசாமி?" என்றார். "பார்க்கலாம் சார்" என்றேன். எங்கள் ஆபீசில் பார்க்கலாம் என்றால் முடியும் என்று அர்த்தம். ஒரு மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்வது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மெஷினைப் பற்றி நீ பயப்பட வேண்டியதில்லை. வண்டி போகிற ஒவ்வொரு நடைக்கும் ஒரு அட்டை. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு அட்டை. அட்டையில் துளை போட்டு உள்ளே விட்டால், எந்த நடைக்கு எந்த டிரைவர் என்று மெஷின் ஜோடி சேர்த்து ஒரு வாரத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும். எப்படி ஜோடி சேர்க்க வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைப்பதுதான் என் வேலை. அதற்குப் பெயர் புரோகிராம்.

உனக்குக் கோபம் வந்தாலும் ஒன்று சொல்கிறேன். உங்கள் டிப்போவில் முகம் பார்த்துத்தான் வண்டி ஒதுக்கப்படுகிறது என்பது ஊருக்கே தெரியும். உன் அண்ணனுக்கு மதுரை சர்வீஸ் எப்படிக் கிடைத்தது என்று கடையநல்லூர் டிரைவர்கள் பேசிக்கொள்வது என் காது வரைக்கும் வந்திருக்கிறது. மெஷினுக்கு முகம் தெரியாது. அது நல்லதுதான்.

சுவரில் மாட்டியிருக்கும் டைம் டேபிள், டிரைவர்கள் பெயர், இந்த மாதம் வண்டி ஓடின விவரம், மூன்றையும் டைப் அடித்து அனுப்பு. இந்த வேலை முடிந்தால் என்னை ஆபீசராக்குவார்கள். ஜூலையில் கட்டாயம் வந்து உன்னை அழைத்துப் போகிறேன்.

உன்
தங்கசாமி


தென்காசி
24-2-1967

அத்தானுக்கு,

கேட்டதை எல்லாம் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, தனித் தபாலில் உங்கள் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்காததை இதில் எழுதுகிறேன். கேட்காததுதான் முக்கியம்.

ஆமாம், முகம் பார்த்துத்தான் வண்டி ஒதுக்குகிறேன். காலையில் டிரைவர்கள் ஜன்னல் பக்கம் வந்து நிற்பார்கள். கண் சிவந்திருக்கிற முகத்துக்கு வண்டி கொடுப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடிய விடிய முழித்திருந்தவனுக்கு அச்சன்புதூர் நடை கொடுப்பேன். ரெண்டு வண்டி ஓடுகிற ரூட், மெதுவாகப் போய் வரலாம். மதுரையிலிருந்து விடியற்காலை வந்து இறங்குகிறவனுக்கு அன்றைக்கு வண்டியே கிடையாது. அது அண்ணனாக இருந்தாலும் சரி, கடையநல்லூர் முகம்மது மீரானாக இருந்தாலும் சரி. இது எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது சீசன். நான் அனுப்பியிருக்கிற டைம் டேபிள் சுவருக்குத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சீசனில் ஒரு நாள்கூட நாங்கள் அதைப் பார்த்து வண்டி விட்டதில்லை. குற்றாலத்தில் நம்ம புக்கிங் ஏஜெண்ட் ஒலி முகம்மது பாய் காலையில் பேரருவிக்குப் போய்ப் பார்த்துவிட்டு டிப்போவுக்குப் போன் பண்ணுவார். "தண்ணி நல்லா விழுது, ஆறு வண்டி கூட விடு" என்பார். இல்லாவிட்டால், "சாரலே இல்லம்மா, ஈ ஓட்டுதோம்" என்பார். வெள்ளம் வந்து குளிக்கக் கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டால் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் ஊருக்குத் திரும்ப நிற்கும். அந்தப் போன் வந்த பிறகுதான் நான் சீட்டு எழுதுவேன். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே மெட்ராஸில் அச்சடித்துக் கொடுத்தால், அருவி அதை வாசித்துப் பார்த்துவிட்டா விழும்?

குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர் நீங்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வண்டியில் ஏறிப் போனவருக்கு, அந்த வண்டி எப்படி வந்து நின்றது என்று தெரியாமல் போய்விட்டது.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வாருங்கள். ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தருகிறேன். உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் அச்சன்புதூர் ரூட்டுக்கு மட்டும் முதலில் செய்து, ஓட்டிப் பார்க்கலாம். அது சரியாக வந்தால் மற்றதைத் தொடுங்கள். புதுப் பானையில் ஒரேயடியாகக் கலியாணச் சோறு பொங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை.

சுகிர்தம்


சென்னை
6-3-1967

சுகிர்தத்துக்கு,

லீவு கேட்டேன். வல்லிநாயகம் சார் சிரித்தார். "பெண்சாதியைப் பார்க்க ஆசையா இருந்தா நேரா சொல்லும்யா" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பது?

அருவி, போன், கண் சிவந்த முகம், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அதில் டைம் டேபிள்படி வண்டி ஒதுக்குவது என்றுதான் இருக்கிறது. எழுத்தில் இல்லாதது புரோகிராமில் இல்லை. வேண்டுமானால் உங்கள் முதலாளி ஆபீஸ் முறையாக எழுதிக் கேட்கட்டும், பிற்பாடு ரெண்டாம் பகுதியாகச் செய்து தரலாம் என்கிறார். அச்சன்புதூருக்கு மட்டும் முதலில் செய்யலாம் என்றதற்கு, "ரெண்டு வண்டிக்குக் கம்ப்யூட்டரா? ஊர் சிரிக்கும்" என்றார்.

நீ சொல்வது நியாயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி ஒரு வரி சேர்க்கிற வேலை இல்லை இது. டிரைவருக்கு ஓய்வு என்ற ஒன்றை உள்ளே நுழைத்தால் எழுதினதில் பாதியைப் பிரித்துக் கட்ட வேண்டும். வீடு கட்டிப் பாதி சுவர் எழும்பின பிறகு அஸ்திவாரத்தை மாற்றச் சொல்கிறாய்.

தயவு செய்து இனிமேல் புதிதாக எதுவும் சொல்லாதே.

தங்கசாமி


சென்னை
20-4-1967

சுகிர்தத்துக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஈஸ்டருக்குக்கூட எழுதவில்லை. சரி.

வேலை பின்தங்கிவிட்டது. அதை வல்லிநாயகம் சாரிடம் சொன்னதும் மூன்று பேரைக் கூட்டி வந்து என் மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார். "இப்ப நாலு பேரு. நாலு மடங்கு வேகமா போகும்" என்றார். மூன்று பேருக்கும் பஸ் டிப்போ என்றால் என்னவென்றே தெரியாது. காலை முழுக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மத்தியானம் முழுக்க அவர்கள் செய்த தப்பைத் திருத்துகிறேன். ஆறு கை வந்து சேர்ந்ததில் என் ரெண்டு கையும் போயிற்று. போன வாரத்தைவிட இந்த வாரம் வேலை இன்னும் பின்னால் கிடக்கிறது. அதைச் சொன்னால் இன்னும் மூன்று பேரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வாரா வாரம் உங்கள் முதலாளிக்கு, "திட்டப்படி நடக்கிறது" என்று கடிதம் போகிறது. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதுகிறேன்.

நீயாவது ரெண்டு வரி ஆறுதலாக எழுதலாம். நீ யார் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை.

தங்கசாமி


தென்காசி
9-5-1967

அத்தானுக்கு,

நான் யார் பக்கம் என்றா கேட்கிறீர்கள்? வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்கள் பக்கம்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. ஆபீஸ் முறையாக எழுதச் சொன்னீர்கள் அல்லவா? எழுதினேன். டிரைவர் ஓய்வு, சீசன் போன், ரெண்டையும் விவரமாக எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் உங்கள் மானேஜருக்கு அனுப்பினார். உங்கள் மானேஜர், "இதெல்லாம் ரெண்டாம் பகுதியில் வரும், முதல் பகுதி பூரணமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது" என்று பதில் போட்டிருக்கிறார். கீழே, சோதித்தவர் என்று உங்கள் கையெழுத்து இருக்கிறது.

எதை வைத்துச் சோதித்தீர்கள்?

நான் அனுப்பினது பிப்ரவரி மாத விவரம். அதைத்தான் கேட்டீர்கள். பிப்ரவரியில் குற்றாலத்தில் குரங்கும் போலீஸ்காரரும்தான் இருப்பார்கள். அந்த மாதத்தை வைத்துச் சரி பார்த்துவிட்டுச் சீசனுக்கு வண்டி விடுகிறீர்கள். கோடையில் குடையைத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, மழைக்கு ஒழுகாது என்கிற கதை.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். மே மாதக் கடைசியோடு சீட்டு எழுதும் வேலை எனக்கு இல்லை. டிக்கெட் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காலைப் போனை எடுக்க வேண்டாம் என்று உத்தரவு. ஒலி முகம்மது பாய் நேரிலேயே முதலாளியிடம் வந்து கேட்டார். "மொதலாளி, அருவியில தண்ணி வந்தா நான் யாருகிட்ட சொல்லுதது?" முதலாளி சொன்னார்: "அதெல்லாம் மெஷின் பாத்துக்கிடும்." பாய் வெளியே வந்து என் ஜன்னல் பக்கத்தில் நின்று, "ஏம்மா, மெஷினுக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இனிமேல் கேட்கமாட்டேன். ஒரு மாதம் ரெண்டும் நடக்கட்டும். உங்கள் தாளும் வரட்டும், நானும் சீட்டு எழுதுகிறேன். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அண்ணன் மதுரையிலிருந்து வந்த கையோடு மறுபடியும் வண்டி ஏறச் சொல்லி உங்கள் தாள் வந்தால், தடுக்க ஒரு ஆளாவது இருக்கட்டும். முதலாளியிடம் நான் சொல்லி எடுபடவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

சுகிர்தம்


சென்னை
15-5-1967

சுகிர்தத்துக்கு,

கையெழுத்துப் போட்டது உண்மை. மானேஜர் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். பிப்ரவரி விவரத்துக்கு மெஷின் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. அதுவும் உண்மை. பிப்ரவரியை அனுப்பியது நீ.

ஒரு மாதம் ரெண்டும் நடக்கட்டும் என்று இப்போது நான் உங்கள் முதலாளிக்கு எழுதினால், எங்கள் வேலையில் எங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகும். என் ஆபீசர் உத்தியோகம் அந்த ஒரு கடிதத்தோடு போய்விடும். உனக்கும் எனக்கும் ஒரு வீடு வேண்டும் என்றுதான் இத்தனையும் பொறுத்துக்கொள்கிறேன்.

முதல் பகுதி ஓடட்டும். ஜூலைக்குள் ஓய்வு விஷயத்தைச் சேர்த்துவிடுகிறேன். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.

தங்கசாமி


தென்காசி
14-6-1967

ஆகிவிட்டது.

முதல் வாரம் சாரல் இல்லாததால் உங்கள் தாளில் இருந்த ஓட்டை யாருக்கும் தெரியவில்லை. முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். சனிக்கிழமை மலையில் மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அருவி கொட்டியது. குற்றாலம் ஸ்டாண்டில் ஜனம் வண்டிக்கு முண்டியடித்தது. பாய் போன் அடித்தார், அடித்தார். ஆபீசில் அது அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கூடாதென்று உத்தரவு.

அண்ணன் மதுரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினான். தாளைப் பார்த்தான். அடுத்த நடை குற்றாலம், அதே டிரைவர். முந்தின நாளும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறான். நான் கணக்குப் பிரிவிலிருந்து ஓடி வந்தேன். "போவாத அண்ணே" என்று கையைப் பிடித்தேன். "போவலேன்னா சஸ்பெண்டுன்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கான் பாத்தியா? விடுட்டி, போயிட்டு வந்து படுத்துக்கிடுதேன்" என்றான். கண் ரெண்டும் கோவைப்பழமாக இருந்தது. மூன்று வருஷமாக அந்தக் கண்ணுக்கு நான் வண்டி கொடுத்ததில்லை.

திரும்பி வருகிறபோது இலஞ்சிக்கு ரோடு பிரிகிற விலக்குத் தாண்டிப் புளியமரத்தில் வண்டி மோதியது. வண்டி கொள்ளாத கூட்டம். பதினோரு பேருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அண்ணனுடைய வலது கை கதவுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இது அதோடு போகவில்லை. அண்ணன் குடித்திருந்தான் என்று கம்பெனியில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. மெஷின் தப்புச் செய்யாது, ஆகவே மனுஷன்தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். விசாரணை வைத்திருக்கிறார்கள். அண்ணன் மேல் குற்றம் என்று முடிந்தால் லைசென்ஸ் போவதோடு நிற்காது, போலீஸ் கேசும் வரும். கை போனவன் ஜெயிலுக்கும் போவான்.

உங்கள் தாளில் டிரைவருக்குத் தூக்கம் என்ற ஒன்று கிடையவே கிடையாது என்று நீங்கள் எழுத வேண்டும். உங்கள் கையெழுத்தோடு. இந்தத் தடவை உண்மைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

சுகிர்தம்


சென்னை
22-6-1967

சுகிர்தம்,

மச்சானை நினைத்து ரெண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் முதல் தடவை ஐந்தருவிக்குப் போனேன்.

விசாரணைக்கு எழுதிவிட்டேன். மானேஜர் ஒரு மாதிரி எழுதச் சொன்னார், நான் ஒரு மாதிரி எழுத நினைத்தேன். கடைசியில் யார் தலையும் உருளாத விதமாக எழுதியிருக்கிறேன். டிரைவர் தனக்குக் கொடுக்கப்பட்ட தாளின்படியே வண்டி எடுத்தார், அவர் மேல் குற்றமில்லை. கம்ப்யூட்டரும் தனக்குக் கொடுக்கப்பட்ட தகவலின்படியே வேலை செய்தது, அதன் மேலும் குற்றமில்லை. இதுதான் வாசகம். இதற்கு மேல் எழுதினால் வேலை போய்விடும், வேலை போனால் மச்சானுக்கு உதவக்கூட என்னிடம் ஒன்றும் இருக்காது. புரிந்துகொள்.

தங்கசாமி


தென்காசி
5-7-1967

அத்தானுக்கு,

யார் தலையும் உருளாமல் எழுதியதாகச் சொன்னீர்கள். டிரைவர் மேலும் குற்றமில்லை, மெஷின் மேலும் குற்றமில்லை, தகவல்படி நடந்தது என்று எழுதினீர்கள். தகவல் என்ன ஆகாயத்திலிருந்தா விழுந்தது? டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினது யார்?

விசாரணையில் உங்கள் வாசகத்தைச் சத்தமாக வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் முதலாளி கேட்டார்: "தகவல் குடுத்தது யாரு?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிப்ரவரியில் பார்த்தது மாதிரியே.

ஆபீஸ் முறையாக நான் எழுதிக் கொடுத்தது எங்கே என்று கேட்டேன். "அது எங்களுக்கு முன்னாலே இல்லை" என்றார்கள். முதலாளிக்கு ஒரு ஆள் வேண்டும், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அண்ணன், இல்லாவிட்டால் நான். நான் எழுந்து நின்று, "ஆமா, ஓய்வு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுட்டேன்" என்றேன். பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக நான் எந்த ஆலயத்திலும் முழங்கால் போடப் போவதில்லை.

அண்ணன் மேல் குற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள். கேஸ் இல்லை. எனக்கு அன்றைக்கே வேலை போயிற்று. அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜூலையில் அழைத்துப் போக வருவேன் என்றீர்களே, ஜூலை வந்துவிட்டது. இப்போது எனக்கு இங்கே வேலையும் இல்லை, தடையும் இல்லை. ஆனால் நான் வரமாட்டேன். நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. கெட்டவராக இருந்தால் ஒரு வசவோடு விட்டுவிடுவேன். நீங்கள் எல்லாம் தெரிந்தவர். ஓய்வு வேண்டும் என்று தெரியும், பிப்ரவரி போதாது என்று தெரியும், மூன்று ஆள் வந்தும் வேலை நடக்கவில்லை என்று தெரியும். தெரிந்ததை எல்லாம் எனக்கு எழுதினீர்கள். சொல்ல வேண்டிய ஆளிடம் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. கோழை என்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. ஆகஸ்டிலிருந்து புளியங்குடி டிப்போவுக்கும் இதே தாள் வருகிறதாம். எலுமிச்சம்பழ மார்க்கெட்டுக்கு விடியலில் போகிற வண்டிகள். அங்கேயும் டிரைவர்களுக்குத் தங்கச்சிகள் இருப்பார்கள். முடிந்தால் அதை நிறுத்துங்கள். முடியாவிட்டால் எனக்கு எழுதாதீர்கள்.

சுகிர்தம்


குற்றாலம்
23-7-1967

சுகிர்தத்துக்கு,

நாலு மைல் தூரத்திலிருந்து எழுதுகிறேன். தென்காசி ஸ்டேஷனில்தான் இறங்கினேன். உங்கள் தெருவுக்குள் வரக் கால் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று வல்லிநாயகம் சார் புளியங்குடி வேலைக்குக் கையெழுத்துக் கேட்டார். "மாட்டேன் சார்" என்றேன். சொல்லிப் பார்த்தால் அது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது. "அப்ப மேஜையைக் காலி பண்ணும்" என்றார். பண்ணிவிட்டேன்.

உங்கள் முதலாளி சீசனுக்கு இங்கே பங்களாவில் இருக்கிறார் என்று விசாரித்து நேரே போனேன். நீ மூன்று தடவை எழுதியதும், நான் அதை மூடி வைத்ததும், சீசனை வைத்துச் சோதிக்காமல் சோதித்தேன் என்று கையெழுத்துப் போட்டதும், விசாரணையில் நீ சொன்னது பொய் என்பதும், எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்காரர்கள் முன்னாலேயே வாயில் வந்தபடி ஏசினார். "ஜூன் ஒண்ணாந்தேதி முடியுமான்னு அன்னைக்கே கேட்டேன்லாவே?" என்றார். "நீங்க என்கிட்ட கேக்கல. முடியாதுன்னு நானும் வந்து சொல்லல" என்றேன். அடிப்பாரோ என்று நினைத்தேன். வெளியே போ என்றார். மறுநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

புளியங்குடி நின்றுவிட்டது. தென்காசியிலும் நாளையிலிருந்து தாள் கிடையாது, சீட்டுதான். உன்னைத் திரும்ப வரச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. போவதும் போகாததும் உன் இஷ்டம்.

இப்போது பாயின் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற டிரைவர் ஒவ்வொருவரிடமும் எப்போது ஓட்டுகிறார், எப்போது தூங்குகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். மெஷினை வைத்து இதைச் செய்ய முடியும் என்று இன்னும் நம்புகிறேன், அதற்காக நீ கோபப்பட்டாலும் சரி. ஆனால் எதைச் செய்வது என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டும். முகம்மது மீரான், "எங்க தூக்கத்தைப் பத்தி எழுதுதீங்களா? அதுக்கு நோட்டு பத்தாது" என்றார். முதலாளியிடமும் இதைச் சொன்னேன், எப்போது முடியும் என்று கேட்டார். அச்சன்புதூர் ரெண்டு வண்டியை ஓட்டிப் பார்க்காமல் தேதி சொல்லமாட்டேன் என்றேன். அதற்கும் ஏசினார். சம்பளம் என்று ஒன்றும் பேசவில்லை, சாப்பாடு பாய் வீட்டில்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்வாய். சரிதான். மச்சானை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. வரலாமா என்று கேட்கவும் எனக்கு யோக்யதை இல்லை. கேட்கிறேன்.

தங்கசாமி


தென்காசி
26-7-1967

அத்தானுக்கு,

நீங்கள் குற்றாலத்தில் இருப்பது கடிதம் வருமுன்பே தெரியும். பாய் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்கு எழுதுகிறீர்கள்.

திங்கள்கிழமையே வேலைக்குப் போய்விட்டேன். முதலாளிக்காக இல்லை. ஜன்னல் பக்கத்தில் டிரைவர்கள் நின்றார்கள், அதற்காக.

எனக்குக் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்று தேதி சொல்ல முடியாது. தீர்ந்ததாக நடிக்கவும் எனக்கு வராது.

அண்ணன் இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறான். ஸ்பூன் கொடுத்தால் வீசி எறிகிறான். அம்மாதான் மூன்று வேளையும் ஊட்டுகிறாள். நேற்று உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னான். பிறகு, "அவன் பாய் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு எத்தனை நாள் அங்கன கெடப்பான்? வரச் சொல்லுட்டி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் வாருங்கள். சோறு போடுவேன், பேசமாட்டேன். அண்ணனுக்கு இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிசைந்து ஊட்டுவது உங்கள் வேலை. அன்றைக்கு மீன் குழம்பு. முள் பார்த்து ஊட்ட வேண்டும்.

சுகிர்தம்